ஒரே நடையில் முடிய வேண்டும்

கொடைக்கானலில் வாரச்சந்தை ஞாயிற்றுக்கிழமை. பூம்பாறை, மன்னவனூர், பூண்டி, கவுஞ்சி, கிளாவரை என்று மேல்மலை ஊர்களின் சனம் மொத்தமாக வந்து இறங்குவது அன்றைக்குத்தான். வாரத்துக்கு வேண்டிய அரிசி, பருப்பு, கருவாடு, பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை எல்லாம் வாங்கிக்கொண்டு பிற்பகல் பேருந்தைப் பிடித்துவிட வேண்டும். மலைப் பெண்கள் பலருக்கு, யாரிடமும் காரணம் சொல்லாமல் நகரத்துக்கு வந்துபோக முடிகிற ஒரே நாள் அது. ஆனால் எச்.ஐ.வி. பரிசோதனைக்கான நம்பிக்கை மையமும், பால்வினை நோய்களுக்கான சுகவாழ்வு மையமும் பொதுவாகப் பூட்டியிருக்கும் நாளும் அதே ஞாயிறுதான்.

இந்த அத்தியாயம் மலை ஊர்களில் வேலை செய்கிற கிராம சுகாதார செவிலியர்கள், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்கள், ஊராட்சித் தலைவர்கள், மகளிர் சுயஉதவிக் குழுவினர், தொண்டு நிறுவனத்தார் ஆகியோருக்கானது. அவர்கள் கையில் இருக்கிற வசதிகளைக் கொண்டே எவ்வளவு செய்ய முடியும் என்பதைப் பேசுகிறது.

வசதிகள் குறைவு என்று சொல்லிவிட முடியாது. பாலியல் நலத்தில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னால் நடந்த மாநிலம். 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும். 1994இல் நாட்டின் முதல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் இங்கே பதிவானது. 2004 ஏப்ரலில் இலவச ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து சிகிச்சை தொடங்கிய முதல் மருத்துவமனைகளில் ஒன்று தாம்பரத்தில் இருந்தது. ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று 2000களின் தொடக்கத்தில் ஊரெங்கும் விளம்பரப் பலகைகள் கேட்டதை, அப்போது பள்ளியில் படித்தவர்கள்கூட இன்னும் மறக்கவில்லை. இத்தனைக்கும் பிறகு, கிளாவரையில் வெள்ளைப்படுதலோடு கிடந்து அவதிப்படுகிற ஒரு பெண்ணுக்கு இவை எதுவும் எட்டவில்லை என்றால், கோளாறு இருப்பது தூரத்திலும் நேரத்திலும்தான்.

இரண்டாவது நடை

பழனி மலை ஒரே மலையாகத் தோன்றினாலும் அங்கே வாழ்கிறவர்களுக்கு அது இரண்டு. கொடைக்கானலைச் சுற்றி சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் விளைகிற மேல்மலை ஒன்று. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர் பக்கம் காபியும் மிளகும் மலைவாழையும் விளைகிற கீழ்மலை மற்றொன்று. மேல்மலைக்காரர்களுக்கு நகரம் கொடைக்கானல். கீழ்மலைக்காரர்களில் பலருக்கு வத்தலக்குண்டும் ஒட்டன்சத்திரமும் பக்கம். கொடைக்கானலிலேயே எல்லா வசதியையும் குவித்துவிட்டு ‘மலைக்குச் சேவை கொடுத்தாயிற்று’ என்று கணக்கு எழுதுவது கீழ்மலையைக் கைவிடுவதாகும்.

கொடைக்கானலிலிருந்து திண்டுக்கல்லுக்குப் பேருந்தில் ஏறத்தாழ மூன்று மணி நேரம். கிளாவரைக்காரருக்கு அதற்கு முன்னாலேயே மலைப்பாதையில் இன்னும் சில மணி நேரம். வெள்ளகவி என்ற மலைக் கிராமத்துக்கோ நெடுங்காலம் வாகனச் சாலையே கிடையாது. நோயாளியை டோலி கட்டித்தான் தூக்கிப் போனார்கள். காலையில் கிளம்பி மாலையில் திரும்ப முடியாத பயணம் என்றால் ஒருநாள் கூலி போவதோடு நிற்காது, இரவு தங்க இடமும் தேட வேண்டும். அரசின் கணக்கும் இதை ஒப்புக்கொள்கிறது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம்; மலையிலும் பழங்குடிப் பகுதிகளிலும் 3,000 பேருக்கே ஒன்று. 2024-25 நிதிநிலை அறிக்கையில், மகளிருக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் கொடைக்கானல் போன்ற மலைப் பகுதிகளுக்கும் விரிக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. பேருந்துச் செலவு குறைந்தால் நல்லதே. ஆனால் கூலியும் நேரமும் போனது போனதுதான்.

பால்வினை நோய்ச் சிகிச்சையில் மலைவாசிகளை அதிகம் இழப்பது முதல் சந்திப்பில் அல்ல. ‘ரத்தம் கொடுத்துவிட்டுப் போங்கள், அடுத்த வாரம் வந்து ரிசல்ட் வாங்கிக்கொள்ளுங்கள்’, ‘இந்தச் சீட்டோடு திண்டுக்கல் போங்கள்’ என்று சொல்கிற இடத்தில்தான். அடுத்த வாரம் களையெடுப்பு இருக்கும், மழை இருக்கும், மாமியார் கேள்வி கேட்பார். மலையில் எந்தச் சேவையைத் திட்டமிட்டாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: வந்தவருக்கு இன்றைக்கே, இங்கேயே எவ்வளவை முடித்து அனுப்ப முடியும்?

அம்பிலிக்கை காட்டிய வழி

இதற்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஒட்டன்சத்திரத்துக்கு அருகே அம்பிலிக்கை என்றொரு ஊர். அங்குள்ள கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் சமுதாய சுகாதார மையமும், பிரான்சின் லியோன் நகரில் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் சேர்ந்து, 2000 முதல் 2003 வரை திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு பெரிய ஆய்வை நடத்தின. ஆர். சங்கரநாராயணன் தலைமையிலான அந்த ஆய்வு 2007இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைக் கிராமத்திலேயே, செவிலியர்களைக் கொண்டே, விலை குறைந்த முறையில் தடுக்க முடியுமா என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. அந்தப் புற்றுநோயை உண்டாக்குவது உடலுறவு வழியாகப் பரவும் எச்.பி.வி. வைரஸ். ஆகவே அது பாலியல் நலத்துக்குள் அடங்கிய விஷயமே.

முறை எளிது. கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், புற்றுநோயாக மாறக்கூடிய திசு வெளுத்துத் தெரியும். செவிலியர்கள் ‘விஐஏ’ என்று சொல்வது இதைத்தான். 114 ஊராட்சிக் குழுமங்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியில் 30 முதல் 59 வயது வரையிலான 49,311 பெண்களை இந்தப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். வந்தவர்கள் 31,343 பேர். வெளுப்பு தெரிந்தவர்கள் 3,088 பேர். அவர்களில் 3,052 பேருக்கு, கருவியால் உற்றுப் பார்க்கும் அடுத்த கட்டப் பரிசோதனையான கோல்போஸ்கோப்பி நடந்துவிட்டது. இந்தக் கடைசி எண்ணை மலையில் வேலை செய்கிற ஒவ்வொருவரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கிட்டத்தட்ட யாருமே நழுவவில்லை, ஏனென்றால் அடுத்த கட்டமும் அதே இடத்தில், அதே வருகையில் நடந்தது. பொருத்தமானவர்களுக்கு, கெட்ட திசுவை உறையவைத்து அழிக்கும் கிரையோதெரபியும் அங்கேயே கிடைத்தது.

விளைவு: பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் மற்ற ஊர்களைவிட இந்தப் புற்றுநோய் வருவது 25 சதவீதமும், அதனால் இறப்பது 35 சதவீதமும் குறைந்தன. வாழ்நாளில் ஒரே ஒரு முறை பார்த்ததற்கே இவ்வளவு பலன்.

ஆய்வு காட்டிய குறைகளும் பாடம்தான். அழைத்த பெண்களில் நூற்றுக்கு 36 பேர் வரவே இல்லை. புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் கண்டறியப்பட்ட 1,874 பேரில் சிகிச்சை பெற்றவர்கள் 72 சதவீதம். மாவட்டத்தின் மிகத் தேர்ந்த குழு, வீடு வீடாக அழைத்தும் இந்த அளவு. அங்கேயே சிகிச்சை கிடைத்தும் இப்படி என்றால், இன்னொரு வருகை தேவைப்படும்போது எத்தனை பேர் நழுவுவார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம். விஐஏ முறைக்கும் வரம்பு உண்டு. பார்ப்பவர் கண்ணை அது மிகவும் நம்பியிருக்கிறது. மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் சங்கரநாராயணன் தலைமையிலேயே நடந்து 2009இல் வெளிவந்த ஆய்வில், ஒரே ஒரு எச்.பி.வி. பரிசோதனை இறப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. விஐஏவுக்கு அங்கே அத்தகைய பலன் தெளிவாகத் தெரியவில்லை.

இன்று உலக சுகாதார நிறுவனம் எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனையையே முதலில் பரிந்துரைக்கிறது. மாதிரியைப் பெண்ணே எடுத்துக் கொடுக்கலாம் என்றும் சொல்கிறது. மலைக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. மறைப்புக்குப் பின்னால் போய், சிறு தூரிகை போன்ற குச்சியால் தானே மாதிரி எடுத்துத் தந்துவிட்டால் போதும். வெட்கமும் இல்லை, மலையிறங்குவதும் இல்லை; குப்பிதான் கீழே போகிறது. தொற்று இருப்பவர்களுக்கு, பேட்டரியில் இயங்கும் சிறிய வெப்பக் கருவியோடு குழு மேலே வந்து சிகிச்சையை முடிக்கலாம். தொற்று என்றாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை, பெரும்பாலான தொற்றுகள் தானாகவே மறைந்துவிடும் என்பதை மாதிரி எடுக்கும் அன்றே விளக்கிவிட வேண்டும். விளக்காவிட்டால் அந்தச் செய்தி ஊரில் எப்படித் திரியும் என்பதை மலைக்காரர்கள் அறிவார்கள்.

2007இல் தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோடியாகத் தொடங்கிய அரசுப் பரிசோதனைத் திட்டம் பின்னர் மாநிலம் முழுவதற்கும் வந்தது. ஆனாலும் 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் பத்தில் ஒருவரே. இந்திய அளவில் நூற்றுக்கு இரண்டு பேர். முன்னிலையில் நிற்கிற மாநிலத்திலேயே பத்தில் ஒன்பது பேர் வெளியே இருக்கிறார்கள்.

அன்றே முடிக்கக்கூடியவை

மற்ற பால்வினை நோய்களில் அன்றே முடிக்கக்கூடியவை வியக்கத்தக்க அளவுக்கு அதிகம். எச்.ஐ.வி.க்கு விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் போதும். முதல் கட்ட முடிவு அரை மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். தொற்று இருக்கலாம் என்று காட்டினால் மட்டும் நம்பிக்கை மையத்தில் வேறு கருவிகளால் உறுதிப்படுத்த வேண்டும். எச்.ஐ.வி., சிபிலிஸ் இரண்டையும் ஒரே துளியில் காட்டும் இரட்டைப் பரிசோதனை அட்டை கர்ப்பிணிகளுக்காகவே வந்திருக்கிறது. சிகிச்சை இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். மருந்து எடுத்துக்கொண்டால் 5 சதவீதத்துக்கும் கீழே. எட்டாம் மாதம் வரை எந்தப் பரிசோதனையும் செய்யாமல், பிரசவத்துக்கு மட்டும் கொடைக்கானலுக்கு வந்து சேரும் ஒரு தாய்கூட மலையில் இருக்கக் கூடாது.

தொடக்கநிலை சிபிலிஸுக்கு மருந்து 24 லட்சம் யூனிட் பென்சத்தீன் பெனிசிலின், ஒரே ஒரு ஊசி. விலை குறைவு, பலன் உறுதி. ஆனால் ஒவ்வாமைக்குப் பயந்து சிறு மருத்துவமனைகளில் இதைப் போடத் தயங்கி, ‘பெரியாஸ்பத்திரிக்குப் போங்க’ என்று எழுதிக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அட்ரினலின் மருந்தும், அதைப் போடத் தெரிந்த ஒருவரும், ஊசிக்குப் பின் அரை மணி நேரம் உட்காரவைக்க ஒரு பெஞ்சும் இருந்தால், மலையிலுள்ள எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இதைப் போடலாம். பயிற்சிக்கு ஒரு நாள் ஒதுக்கினால், எத்தனையோ பேருடைய திண்டுக்கல் பயணம் மிச்சமாகும்.

ஆய்வகம் இல்லாத இடங்களுக்காகவே தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு வண்ண மருந்துப் பொட்டலங்களை வகுத்திருக்கிறது. ஆணுக்குச் சீழ் வடிதல், பெண்ணுக்குக் கர்ப்பப்பை வாய் அழற்சி என்றால் சாம்பல் நிறம். பெண்ணுறுப்பு அழற்சிக்குப் பச்சை. புண்ணுக்கு வெள்ளை, பெனிசிலின் ஒவ்வாதவருக்கு நீலம். அக்கி வகைக் கொப்புளத்துக்குச் சிவப்பு, அடிவயிற்று அழற்சிக்கு மஞ்சள், தொடை இடுக்கு நெறிகட்டிக்குக் கறுப்பு. நோய்க்குறியைப் பார்த்து அன்றே மருந்து கொடுத்துவிடலாம்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். வெள்ளைப்படுகிறது என்று வருகிற எல்லாப் பெண்களுக்கும் பால்வினை நோய் இருப்பதில்லை. ‘உடம்புச் சூடு’ என்று அவர்கள் சொல்லும்போது சிரிக்காமல் கேட்டு, நிறம், நாற்றம், அரிப்பு, வலி, கணவருக்குத் தொந்தரவு உண்டா என்று விசாரித்த பிறகே பொட்டலத்தை எடுக்க வேண்டும். அடுத்தது துணைவர். மனைவிக்கு மட்டும் மருந்து கொடுத்து அனுப்பினால் அடுத்த மாதம் அதே நோயோடு அவர் திரும்பி வருவார். கணவருக்கான மருந்தை மனைவி கையிலேயே கொடுத்தனுப்ப மருத்துவர் வழிசெய்ய வேண்டும். அந்த மருந்தை வீட்டில் கொடுத்தால் அடி விழும் என்று அவர் சொன்னால், அதையும் நோயின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். மகளிர் உதவி எண் 181 அப்போது தேவைப்படும்.

கண்ணில் படாமல்

தூரத்துக்கு அடுத்த தடை, பார்த்துவிடுவார்களே என்பது. முந்நூறு குடும்பம் உள்ள ஊரில் செவிலியரும் தெரிந்தவர், ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் தெரிந்தவர். பலகையில் ‘பால்வினை’ என்று எழுதிய அறைக்குள் நுழைகிறவர் வெளியே வருவதற்குள் கதை மேல்மலை முழுக்கப் பரவியிருக்கும்.

பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டியிருக்கும் வைத்தியர் விளம்பரங்களைக் கவனித்தால் ஒன்று புரியும். மாதத்தில் இன்ன தேதி, இன்ன ஊர், இன்ன லாட்ஜ் என்று வருடக்கணக்காக மாறாமல் இருக்கும். போகிறவரை யாரும் கேள்வி கேட்பதில்லை. அங்கே கொடுக்கிற மருந்தால் பணமும் உடம்பும் கெடுகின்றன, உண்மையான நோய் உள்ளே முற்றிக்கொண்டே போகிறது. ஆனாலும் ஆண்கள் அங்கே போவதற்குக் காரணம், அந்தத் தேதி மாறாது என்ற நம்பிக்கையும் மறைவும்தான். அரசு மருத்துவமனை இந்த இரண்டையும் கொடுத்தால் லாட்ஜ் அறைகள் காலியாகும். மாதத்தின் முதல் ஞாயிறு கொடைக்கானல் அரசு மருத்துவமனையில் சந்தை முடியும்வரை சுகவாழ்வு மையம், இரண்டாம் ஞாயிறு தாண்டிக்குடி, மூன்றாம் ஞாயிறு மன்னவனூர் என்று ஓர் ஆண்டுக்கு மாற்றாமல் நடத்திப் பார்க்கலாம். பணியாளர்களுக்கு வேறொரு நாள் விடுமுறை கொடுத்தால் தீர்ந்தது.

மறைவுக்கு நல்ல வழி, எல்லோரும் வருகிற இடத்தோடு கலந்துவிடுவது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. அதே குழுவின் முகாமில் ரத்த அழுத்தம் பார்க்கிற மேசையையடுத்து, திரைக்குப் பின்னால் விரல்நுனிப் பரிசோதனையும் எச்.பி.வி. மாதிரியும் எடுத்தால், யார் எதற்காகப் போனார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ரத்தம் எடுக்கிறோம் என்ற சாக்கில் சொல்லாமல் எச்.ஐ.வி. பார்ப்பது கூடவே கூடாது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம், விவரம் சொல்லி ஒப்புதல் பெறாமல் பரிசோதிப்பதையும், ஒருவருடைய நிலையை வெளியே சொல்வதையும், அதற்காக வேலையோ சிகிச்சையோ மறுப்பதையும் தடை செய்கிறது. பளியர், புலையர் குடியிருப்புகளில் இதை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும். அவர்களில் ஒரு பெண்ணையே தன்னார்வலராகச் சேர்த்து, அவர் வாயால் விளக்கவைத்தால்தான் அந்த ஒப்புதலுக்கு அர்த்தம் உண்டு.

சீசன்காரர்கள்

கொடைக்கானலில் பாலியல் நலம் என்று பேசினால் உள்ளூர்க்காரர்களை மட்டும் எண்ணிப் பயனில்லை. ஏப்ரல், மே மாதங்களில் ஊர் பல மடங்கு வீங்குகிறது. டாக்ஸி ஓட்டுநர், லாட்ஜ் பையன், சமையல்காரர், வழிகாட்டி, வட இந்தியாவிலிருந்து வந்து ஓட்டல்களில் தங்கி வேலை செய்யும் இளைஞர் எல்லோரும் வீட்டைவிட்டு விலகி இருப்பவர்கள். 1968 முதல் அரசு தந்துவரும் நிரோத் ஆணுறை இன்றும் இலவசம். மருந்தாளுநரிடம் கேட்டு வாங்க வேண்டிய இடத்தில் அது இருப்பதால்தான் யாரும் எடுப்பதில்லை. ஓட்டுநர்கள் கூடும் நிறுத்தம், ஓட்டல் பணியாளர் அறை, முடிதிருத்தும் கடை என்று கேட்காமலே எடுத்துக்கொள்ளும் இடங்களில் பெட்டி வைக்க வேண்டும். 1097 இலவச உதவி எண்ணை இந்தியிலும் எழுதி ஒட்ட வேண்டும்.

ஆணுறை கிழிந்தாலோ, வன்புணர்வு நடந்தாலோ, ஊசி குத்திக்கொண்டாலோ, எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்க 28 நாள் மருந்து உண்டு. 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மழையில் மரம் விழுந்து மலைப்பாதை அடைபட்டால் அந்த மூன்று நாள் எப்படிப் போகும் என்று எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே முதல் சில நாள்களுக்கான மாத்திரைகளாவது கொடைக்கானலிலும் தாண்டிக்குடியிலும் இருப்பில் இருக்க வேண்டும். இரவுப் பணியில் இருப்பவருக்கு அவை எந்த அலமாரியில் இருக்கின்றன என்று தெரிந்திருக்க வேண்டும்.

மருந்து எடுப்பவர்கள், வளரும் பிள்ளைகள்

ஏற்கெனவே எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களுக்கு இன்று சிகிச்சை எளிதாகிவிட்டது. 2017 முதல் தொற்று உறுதியானவுடன் மருந்து. பெரும்பாலானோருக்கு நாளுக்கு ஒரே மாத்திரை. ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து நின்றால் உடலுறவு வழியாக அது அடுத்தவருக்குப் பரவாது. இந்தச் செய்தி மலையில் இன்னும் போய்ச் சேரவில்லை. சேர்ந்தால் எத்தனையோ திருமணங்கள் நிம்மதி பெறும். நிலையாக மருந்து எடுப்பவருக்கு மாதாமாதம் மலையிறங்கும் அலைச்சல் தேவையில்லை. மூன்று மாத மாத்திரையை மொத்தமாகக் கொடுக்க வழி உண்டு, ஏ.ஆர்.டி. மையத்தில் கேட்டுப் பெற உதவுவது களப்பணியாளரின் வேலை.

பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண் கர்ப்பத்தோடு வந்தால் சிறார்மீதான பாலியல் குற்றங்களைத் தடுக்கும் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தகவல் சொல்வது கட்டாயம். இந்தப் பயத்தில் குடும்பங்கள் மருத்துவமனையையே தவிர்த்து, ஆபத்தான கருக்கலைப்புக்குப் போய்விடுகின்றன. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், அத்தகைய சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் கொடுக்கும் தகவலில் சிறுமியின் பெயரையும் அடையாளத்தையும் வெளியிட வேண்டியதில்லை என்று தெளிவாக்கியது. இதை மலையிலுள்ள ஒவ்வொரு பணியாளரும் அறிந்திருக்க வேண்டும். சிறுமிகளுக்கான இன்னொரு பாதுகாப்பு தடுப்பூசி: எச்.பி.வி. தடுப்பூசியை 14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாகக் கொடுக்க, தமிழக அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கை 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. பள்ளியை நடுவில் விட்டு எஸ்டேட்டுக்குப் போன சிறுமிகள் பள்ளிப் பட்டியலில் இருக்கமாட்டார்கள். அவர்கள் பெயர் அங்கன்வாடிப் பணியாளருக்கும் கிராம சுகாதார செவிலியருக்கும் தெரியும். தடுப்பூசிப் பட்டியலை அங்கிருந்து தொடங்க வேண்டும்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மலை ஊராட்சிகளில் இருப்பவர்கள் அடுத்து வரும் சபையில் மூன்று கோரிக்கைகளைத் தீர்மானமாக்கி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள்: மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேவை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெனிசிலினும் 72 மணி நேர மருந்தும் இருப்பு, பெண்கள் தாமே எடுத்துத் தரும் எச்.பி.வி. மாதிரிக்கு ஏற்பாடு. தீர்மானத்தை வாசிக்க ஒரு பெண்ணை எழுந்து நிற்கச் சொல்லுங்கள்.